அக்காவின் குரல்

இசைக் கம்பெனியின் வரவேற்பறையில் காபி கொட்டியதற்கு டிரம்மரின் வலது கால்தான் பொறுப்பு. எங்கே காத்திருந்தாலும் அது பாட்டுக்குத் தாளம் போடும். இன்று கண்ணாடி மேஜையை எத்தி, வெள்ளை சோபாவில் தேசப்படம் வரைந்துவிட்டது.

"விடுங்கண்ணே, நான் துடைக்கிறேன்." ரிசப்ஷன் பெண் ஈரத்துணியோடு வந்தாள்.

"ஆல்பம் வராட்டியும் நாங்க வந்துபோன அடையாளம் ஒண்ணு இருக்கட்டும்மா."

அவள் சிரிக்கவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அவன் தண்ணீர் கேன் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, நனைந்த சட்டையோடு வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்லும் அவனுடைய அக்காவும், அவனுடைய ராக் குழுவும் சேர்ந்து ஒரு டயர் கோடவுனில் ஷட்டரை இறக்கிவிட்டுப் பதிவு செய்த பாட்டுகள்தான் அந்த ஆல்பம். குழு கையெழுத்துப் போட்டது இந்தக் கம்பெனியில். அக்கா சின்ன வயதில் கையெழுத்துப் போட்டிருந்தது வேறொன்றில். அவள் குரல் எங்களுடையது என்று அந்தக் கம்பெனி கிளம்ப, ஆல்பம் அப்படியே நின்றது. மேனேஜரைக் கேட்டால், "பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்பார்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடா சொன்னாங்க?" பாதி காற்றாகவே வந்தது. தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். அதன்பின் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உனக்காக ரெண்டு கம்பெனி அடிச்சுக்குதுக்கா. கல்யாண வயசுல ஒருத்தன் எட்டிப் பாக்கல."

சிரிப்பு இருமலில் முடிந்தது. "அதுக்குள்ள ஆல்பம் வெளிய வந்துட்டாப் போதும்டா. ஊர்ல நாலு பேர் நான் பாடினதைக் கேட்டுட்டா, அப்புறம் ஊமையாவே இருந்துக்குவேன்."

"வந்துரும்க்கா," என்று வைத்தான்.

தண்ணீர் பாட்டிலோடு ஒருவர் ஸ்டூடியோவுக்குள் போனார். கனத்த கதவு திறந்த இடைவெளியில் டிரம்ஸ் சத்தம் கசிந்தது. அவன் எழுந்தே விட்டான். அவன் வாசித்தது. இரண்டாவது பாட்டு. அக்கா எடுக்கும் இடம் வந்தது. எடுத்தது வேறொரு குரல். இளசு, பிசிறே இல்லை. கதவு மூடிக்கொண்டது.

"யாரும்மா பாடறது?"

அவள் மேனேஜர் அறையைப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்தாள்.

"தகராறு போன வாரமே முடிஞ்சிருச்சுண்ணே. உங்க அக்கா குரலை எடுத்துட்டு, வேற பொண்ணை வச்சுப் பாட வைக்கிறாங்க."

"அப்ப அக்கா பாடினது? அந்தக் கம்பெனி போடுமா?"

"போடாதுண்ணே. ரெண்டு பேருக்குமே அது வேண்டாமாம்."