கடைசி வீட்டுக்குச் சாப்பாடு

மரச்சாமான் கடை ஒன்று மூடிப்போனதும் அதன் மேல்மாடியை ஏழு குடும்பத்தார் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். நடுவில் நீளமான கூடம், சுற்றிலும் அறைகள், பின்பக்கம் ஒரே சமையலறை. அந்தக் காலத்து முதல் கிறிஸ்தவ சபையார் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து ஒரே மேசையில் சாப்பிட்டார்களே, நாமும் அப்படி வாழ்ந்து பார்த்தால் என்ன என்று பேச்சை ஆரம்பித்து வைத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். பேச்சோடு நிற்காமல் தன் வீட்டுக் கட்டில், பீரோ, குளிர்சாதனப்பெட்டி எல்லாவற்றையும் முதல் ஆளாக மாடியேற்றினார். அவர் மனைவி மட்டும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சம்பாதிப்பதைப் பொதுவில் போடுவார்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார்கள். சண்டை வராமல் இல்லை. ஏழு குடும்பத்து அழுக்குக்கும் ஒரே வாஷிங் மெஷின் என்றால் பரிசுத்தவான்களுக்கே கோபம் வரும். ஆனாலும் சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது முகத்தைத் தூக்கி வைத்திருக்க யாராலும் முடியவில்லை. கேண்டீனில் வேலை பார்த்த அம்மாள்தான் அங்கே சமையல். அவள் கைச் சாப்பாடு அப்படி.

இதில் ஒரு குறை இருந்தது. படியேற முடியாத வயதானவர்கள் சிலர் அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருந்தார்கள். அவர்களும் சபையார்தான். இன்றைக்கு நீ கொண்டுபோ, நாளைக்கு நான் என்று யாராவது சாப்பாடு கொண்டுபோவார்கள். அவள் போயிருப்பாள் என்று இவனும் இவன் போயிருப்பான் என்று அவளும் இருந்துவிட, ஒருநாள் மூன்று விதவைகள் ராத்திரி வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். விஷயம் வெளியே வந்தபோது கூடத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"இதே குறை அந்தக் காலத்திலயே வந்திருக்கு," என்றார் கண்டக்டர். "அந்த முதல் சபையார் என்ன பண்ணாங்க? பொறுப்பா ஆள் வெச்சாங்க. நாமும் வெப்போம்."

எல்லாரும் சேர்ந்து கைகாட்டியது பிளம்பரை. சபையிலேயே புது ஆள். அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்து, அவள் வழியாக உள்ளே வந்தவன். பந்தியில் எல்லாருக்கும் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பான். அதை அவனைத் தவிர எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

"எனக்குப் பேச வராதுங்கண்ணே," என்றான்.

"பேச வேணாம்ப்பா. தூக்கிட்டுப் போனாப் போதும்."

தலையில் கை வைத்து ஜெபம் செய்தார்கள். ஆமென் சொன்ன கையோடு கண்டக்டர் வீடுகளை வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். தையல்கடைப் பாட்டி, மார்க்கெட் பின்னால் இருக்கும் அக்கா, கண் தெரியாத அச்சகக்காரர். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கடைசியா ஒரு வீடு. உங்க மாமியார் வீடு."

கூடத்தின் மறுகோடியில் தட்டு எடுத்துக்கொண்டிருந்த பிளம்பரின் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுகள் மட்டும் கொஞ்சம் சத்தமாக அடுக்கப்பட்டன.

மாமியார் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தாள். குளியலறையில் குழாய் உடைந்து பிளம்பரைக் கூப்பிட்டாள். அவன் குழாயைச் சரிசெய்துவிட்டு மகளின் மனசைக் கெடுத்துவிட்டுப் போனான் என்பது அவள் கட்சி. கல்யாணத்தைச் சபையார்தான் முன்னின்று நடத்தினார்கள். அவள் வரவில்லை. மணமக்கள் மாலையோடு போய் நின்றபோது கதவைச் சாத்திக்கொண்டாள். அவனுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே செத்தாலும் இந்த வாசப்படியில கால் வைக்க மாட்டேன்!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தான். மூன்று வருஷம் ஆயிற்று. அதோடு அவள் சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

"நான் வேற ஆளை அனுப்பட்டுமா?" என்று அவன் மனைவியிடம் கேட்டான்.

அவள் கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் சாய்வில்லாமல் பார்த்துத்தான் பழக்கம். "உங்க தலையில கை வெச்சப்ப கடைசி வீட்டை விட்டுட்டா வெச்சாங்க? போங்க. ஆனா என்னைக் கூப்பிடாதீங்க."

முதல் நாள் அவன் தெருவிலேயே நின்று, படியை மிதிக்காமல் எக்கி, தூக்குச்சட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "சாப்பாடு," என்றான். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். கதவு திறக்கவில்லை. மறுநாள் போனபோது பழைய சட்டி கழுவித் துடைத்து அதே விளிம்பில் இருந்தது.

ஒரு வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒருநாள், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, தேய்த்து வைத்த வெண்கலம் போல ஒரு குரல் வந்தது.

"நேத்து சூப்புல உப்பே இல்ல."

அவன் திடுக்கிட்டுப்போனான். "சொல்லிடறேங்க."

சமையலறையில் சொன்னான். கேண்டீன் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு, டெலிபோன் அம்மாவா? பேசினாங்களா? குறை சொன்னாங்களா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "குறை சொல்ற அளவுக்கு மனசு வந்துடுச்சே!"

அதற்குப் பிறகு தினமும் தகவல் வந்தது. பருப்பு வேகவில்லை. முட்டை நன்றாக இருந்தது, ஆனால் ஒன்று போதாது. ரொட்டியைச் சுட்டது யார், அவருக்குக் கல்லுடைக்கிற வேலையா? இவன் எல்லாவற்றையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பான். சமையலறையில் சிரிப்பு. மனைவி மட்டும் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அம்மாவுக்கு ரொட்டி நல்லா வேகணும். ஓரத்துத் துண்டா பார்த்து வைங்க," என்றாள், யாரையும் பார்க்காமல்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், சட்டியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஜன்னல் விளிம்பில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நனைந்துகொண்டே நின்றான். கதவு திறந்தது. அவன் நினைத்திருந்ததைவிட அவள் மெலிந்துபோயிருந்தாள்.

"ஏன் தம்பி மரம் மாதிரி நிக்கறே? உள்ள வா."

அவன் படியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வாசப்படியில கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேனுங்க."

"ஆமா, தெருவே கேட்டுச்சு." அவளும் படியைப் பார்த்தாள். "அப்ப தாண்டி வா."

அவன் நனைந்த பேண்ட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஒரே தாவலில் படியைத் தாண்டி உள்ளே குதித்தான். ஈரத் தரையில் வழுக்கி, நாற்காலியில் மோதி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டி மட்டும் கையில் நேராக இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை.

துண்டு கொடுத்தாள். சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தாள். கடைசியில் அவன்தான் கேட்டான். "அத்தை, எங்க மேல கோபம், சரி. சபைக்கு ஏன் வர்றதில்ல?"

அவள் டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வந்தேனே. உங்க கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தேன். கண்டக்டர் எழுந்து, உடைஞ்ச குடும்பங்களுக்காக ஜெபம் பண்ணுவோம்னார். எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு என்னையே பார்த்தாங்க. அடுத்த வாரமும் அதேதான். கல் நெஞ்சைக் கரையப் பண்ணும்னு ஒருத்தர் அழறார். யார் நெஞ்சு? என் நெஞ்சு!" டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்காக ஜெபம் பண்ணிப் பண்ணியே என்னை வெளிய அனுப்பிட்டாங்க தம்பி. என் பொண்ணு போனா, நான் கதவைச் சாத்தினேன், போனா. என் சபையும் போகணுமா? அது என் தப்பு இல்லையே."

அவன் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தான். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் இருந்தான்.

அன்றைக்குக் கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் பிளம்பர் எழுந்து நின்றான். அவன் எழுந்து நின்றதே இல்லை என்பதால் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்க மாமியாருக்காக ஜெபம் பண்றதை நிறுத்துங்க," என்றான்.

யாரோ இருமினார்கள். அவன் விடவில்லை. "பண்ணக் கூடாதுன்னு இல்ல. சத்தமா பண்ணாதீங்க. அவங்களுக்கு நம்ம ஜெபம் வேணாம். நமக்கு அவங்க வேணும். அதைப் போய்ச் சொன்னமா?" சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.

கண்டக்டரின் முகம் சிறுத்துப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் ஆரம்பிச்சேன்," என்றார் மெதுவாக. "நல்லது பண்றதா நெனச்சேன்." பிறகு நிமிர்ந்தார். "முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கிழமை வேதத்தை அவங்கதான் வாசிப்பாங்க. அவங்க நின்னதுக்கு அப்புறம் நான் வாசிக்கிறேன். நான் வாசிக்கிறதை நீங்க எல்லாம் பொறுத்துக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்."

யாரும் மறுக்கவில்லை. கண் தெரியாத அச்சகக்காரரின் தங்கை மட்டும், "எங்கண்ணன் மாடியேறி வர்றதை நிறுத்தினதே அதனாலதான்," என்று சொல்லி வைத்தாள். கண்டக்டர்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள் அவரே பிளம்பரோடு போனார். பிளம்பர் படியை மிதித்தே ஏறினான். அவர் வெளியே தயங்கி நின்றார். "அம்மா, நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை வந்து வாசிங்க. நீங்க வாசிச்சாத்தான் எங்களுக்கு விளங்குது."

"ஏன், நீங்கதான் வாசிக்கிறீங்களே."

பிளம்பர் குறுக்கே புகுந்தான். "அத்தை, அண்ணன் வாசிச்சா, அடுத்த ஸ்டாப்புல எல்லாரும் இறங்கிடணும் போல இருக்கு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பார்க்கலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவாளா மாட்டாளா என்று கூடமே படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்காதது போல நடித்தது. அவள் வந்தாள். அச்சகக்காரரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏற்றிக் கூட்டிவந்தாள். யாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று கேண்டீன் அம்மாள் முன்கூட்டியே எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தாள். நாற்காலியை மட்டும் நகர்த்திக் கொடுத்தார்கள்.

அவள் வாசித்தாள். பழக்கமான பகுதிதான், எல்லாரும் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறார்களா என்று பார்த்து உள்ளே போவது போல இருந்தது. மேசையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த மகள் குனிந்த தலை நிமிரவில்லை. தாயின் குரலை அத்தனை நாள் கழித்துக் கேட்கிறாள்.

பிறகு ரொட்டி வந்தது. ஒரே பெரிய ரொட்டி. ஒவ்வொருவரும் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். மாமியார் கைக்கு வந்தபோது அவள் ஒரு துண்டைப் பிய்த்தாள். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. எழுந்தாள். நீளமான மேசையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து, மகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மூணு வருஷம்மா," என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

"ஆமாடி."

"மாலையோட நின்னேன்."

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன் நானும். திறக்கணும்னு கை தாழ்ப்பாள்லயேதான் இருந்துச்சு. திறக்கல. நான்தான் திறக்கல. வேற யார் மேலயும் பழி போட மாட்டேன்." ரொட்டியை நீட்டினாள். "வாங்கிக்கடி. கை வலிக்குது."

கண்டக்டர் நெகிழ்ந்துபோய்க் கண்ணை மூடி, ஜெபத்துக்கு வாயைத் திறந்தார். பிளம்பர் மேசைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் ரொட்டியை வாங்கவில்லை. ரொட்டியோடு சேர்த்து அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாரும் ஒரே சமயத்தில் பக்கத்திலிருப்பவரிடம் ஏதேதோ பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமியார், "மாப்பிள்ளை, உங்க ரூம் எது?" என்று கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டு அவனுக்குக் கையில் இருந்த பாத்திரம் நழுவியது. அறையைக் காட்டினான். அவள் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மடித்து வைத்திருந்த துணிகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுவே பாராட்டு. "கொஞ்சம் சாஞ்சுக்கறேன். படியேறினதுல மூச்சு வாங்குது," என்று கட்டிலில் படுத்தவள் அடுத்த நிமிஷமே தூங்கிப்போனாள்.

மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். கூடத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினால் யாராவது ஒருவர் விரலை உதட்டில் வைத்து அதட்டினார்கள். மகள் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகாலில் வெடிப்பு விழுந்திருந்தது.

பிளம்பர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். "எழுப்பட்டுமா? இருட்டறதுக்குள்ள கொண்டுபோய் விடணுமே."

"சும்மா இருங்க," என்றாள் அவள் தணிந்த குரலில். "போய் அந்தத் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்துட்டு வாங்க."