அப்பா சொன்ன பதில்

அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வண்டியை யார் ஓட்டினாலும், பக்கத்து சீட்டில் இவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அம்மா பேசும்போதும் அதே ஏற்பாடுதான்.

ஆகவே டாக்டர் அம்மாவைப் பார்த்து, "எவ்வளவு நாளா வலி?" என்று கேட்டபோது, "இந்த மழைக்காலத்துலேர்ந்துதான்" என்றார் அப்பா.

"பசிக்குதாம்மா?"

"சாப்பாட்டுல ஒண்ணும் குறை வைக்கலை டாக்டர்."

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். அடிவயிற்றில் கட்டி. ஸ்கேனில் கர்ப்பப்பையும் குடலும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, எது எதுவென்று பிரிக்க முடியாமல் கிடந்தன. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஊசியால் எடுத்த துணுக்கில் ஒன்றும் பிடிபடவில்லை. உறுதியாகும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் முடியாதாம்.

"கருத்தடைக்குன்னு காப்பர்-டி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். அவள் வாயெடுப்பதற்குள் பிரேக் விழுந்தது.

"அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு டாக்டர்."

கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். குடலில் ஒரு முழம் போயிற்று. வயிற்றில் ஓட்டை போட்டு, மலத்துக்கு ஒரு பையை ஒட்டினார்கள்.

பிறகு ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கட்டில் பக்கம் நின்று சொன்னார். "நல்ல செய்திதான். புற்று இல்லை, கிருமி. ரொம்ப அபூர்வம். காப்பர்-டி வருஷக்கணக்கா உள்ளேயே இருந்தா சிலருக்கு வரும். பார்க்க அப்படியே புற்று மாதிரி இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க காப்பர்-டி கட்டிக்குள்ள புதைஞ்சு கிடந்துது, ஸ்கேன்லகூடத் தெரியலை. முன்னாடியே தெரிஞ்சிருந்தா பென்சிலின் போட்டுப் பார்த்திருக்கலாம்."

நான் பிறந்த கையோடு, இவன் ஒருத்தனே போதும் என்று வைத்தது. அதற்கு ஒரு தம்பியின் வயசாகியிருந்தது.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "எடுத்தோமே... நான்தானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்?"

"அது கடவாய்ப்பல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டர்.

அப்பா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"மழைக்காலத்துலேர்ந்து இல்லை டாக்டர்" என்று அம்மா ஆரம்பித்தாள். "அதுக்கு முந்தின வெயில்லேர்ந்தே இருக்கு."