மைனஸ் ஒன்பதுக்குக் கீழே ஒரு பெயர்

1
இந்தக் கதை நான் சொன்ன ஒரு சொல்லிலிருந்து வந்தது: 'பியாஞ்சே'. இத்தாலிய மொழியில், 'அழுகிறாள்'. 1996இல் பலேர்மோவின் ஒலிக்கலவைக் கூடமொன்றில் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் வேறு எங்கிருந்தோ தொடங்கிவிடுகிறேன்.

'நேப்பிள்ஸ் கப்பல் துறைமுகத்தில் ஊதியபோது அருள்நாயகி—'

(இல்லை. எந்தக் கப்பலும் ஊதவில்லை. அழகுக்காகச் சேர்த்தேன்.)

2
அருள்நாயகி பலேர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் தனியாக இருந்தார். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. அவரிடம் வரவென்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட கணவர், இத்தாலிக்குள் நுழைந்த பிறகு காணாமல்போய் எட்டு மாதம். வெளிநாட்டு வேலையாட்களைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் படம் எடுத்தவர்கள் அவரையும் பேசக் கேட்டார்கள். நாடு முழுக்கப் பார்ப்பார்கள் என்றதும் ஒப்புக்கொண்டார்.

கணவர் பெயரை அவர் வாயால் சொன்னதே இல்லை. எப்போதும் 'இவர்'தான். அன்று கமராவைப் பார்த்து, "நகுலேஸ்வரன், நான் பலேர்மோவிலதான் இருக்கிறன். ஆரும் இவரைக் கண்டால் சொல்லுங்கோ" என்றார். பெயரிலேயே குரல் உடைந்து கத்தலாகிவிட்டது.

3
நான் அவர் பக்கத்து வீட்டில் குடியிருந்தேன்; அந்தப் படத்துக்கு ஒலி சேர்த்த கூடத்தில் துப்புரவு வேலை. தமிழ் வரும் இடங்களுக்கு மட்டும் சல்வோ என்னைப் பக்கத்தில் இருத்துவார். (சல்வோ ஒலிக்கலவையாளர். கெட்டவராக எழுதிப் பார்த்தேன்; பொருந்தவில்லை. தன் பாண் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தருபவர் அவர்.)

தொலைக்காட்சிக்குப் போகும் நாடாவில் எந்தச் சத்தமும் மைனஸ் ஒன்பது டெசிபல் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நாடா திரும்பி வரும். ஒருமுறை வந்துவிட்டது. மறுபடி வந்தால் இருவருக்கும் வேலையில்லை என்றிருந்தார் முதலாளி. இந்த நாட்டில் தங்க எனக்கிருந்த பெர்மெஸ்ஸோ என்ற அனுமதி அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

கத்தலைச் சொல் சொல்லாகத் தணித்துப் பெயரைக் காப்பாற்றலாம், அரைநாள் போகும். அல்லது எல்லாவற்றையும் கீழே இறக்கி, மேலே இத்தாலியக் குரலை வைக்கலாம். மொழிபெயர்ப்புத் தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இதில முக்கியமா ஏதும் சொல்லுறாவோ?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார் சல்வோ.

"பியாஞ்சே," என்றேன்.

அவர் இறக்கினார்.

(பயத்தால் செய்தேன் என்று எழுதினேன். பிறகு களைப்பால் என்று. உண்மையில் அந்த நேரம் நான்—)

4
ஒளிபரப்பன்று அருள்நாயகியின் அறையில்தான் இருந்தேன். திரையில் அவர் வாய் அசைந்தது. நான் சொன்ன ஒற்றைச் சொல்லை நீட்டி, ஒரு பெண்குரல் நிதானமாக, பிரிவு இவளை வாட்டுகிறது என்று இத்தாலிய மொழியில் சொல்லிப்போனது.

"தம்பி, நான் இவரின்ரை பேர் சொன்னனான். அது எங்கை?"

"சத்தம் கூடினால் அவை விடமாட்டினம், அக்கா. அது ஒழுங்கு."

எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

"அப்ப நான் மெல்லமாச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

5
முடிவு ஒன்று: மெஸ்ஸினா நகரிலிருந்து யாரோ அவர் கணவரைக் கண்டதாகத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் என்னை அறைகிறார். இதை என் ஆறுதலுக்காக எழுதினேன். அவர் அறையவில்லை, நான் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எந்தத் தகவலும் வரவில்லை. ஒருநாள் அவர் சமையலறையில் அந்தப் பெயரை மெல்லமாகச் சொல்லிப் பழகுவதைக் கேட்டேன். அடுத்தமுறை யாரும் கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டுமாம். யாரும் கேட்கவில்லை.

அவரிடம் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள். யார் தட்டினாலும் உடனே கதவைத் திறப்பார்.