வீராயியின் மேசையும் பத்தடி அறையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்காக நான் ஏற்காட்டுக்குப் போகவில்லை. சேர்வராயன் கோயில் குகையைப் பற்றிக் கட்டுரை தருவதாக ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டு போனேன். குகையின் ஈரம், இருட்டு, மௌனம் என்று மூன்று பத்திகள் புறப்படும்போதே தயாராக இருந்தன. அவற்றைக் கெடுத்தவர் ஜீப் ஓட்டிய அங்கப்பன். கோயிலுக்கு ஏறும் வழியில், ஒரு வளைவில் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டு முன்னறை எத்தன அடிங்க?"

"பன்னெண்டுக்குப் பத்து இருக்கும். ஏன்?"

"பத்தாதுங்க," என்றார் நிஜமான வருத்தத்தோடு. "உங்களுக்கும் பத்தாது."

எதற்கு என்று கேட்டேன். அத்தோடு என் குகை மூடிக்கொண்டது.

(இனி அவர் 'அவன்' ஆகிறார். ஜீப்பில் கொடுத்த மரியாதையைக் கதைக்குள் கொடுத்தால் அங்கப்பன் கட்டுரை ஆகிவிடுவார். இன்னொன்று: தன்னைப் பற்றிப் பேசும்போது தன்னைக் கொஞ்சம் உயரமாகவும், மனைவியைப் பற்றிப் பேசும்போது அவள் குரலைக் கொஞ்சம் சத்தமாகவும் சொன்னார். இரண்டையும் குறைத்திருக்கிறேன்.)

2

ஏரியின்மேல் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில், வீராயியின் உள்ளத்தில்—

வேண்டாம். ஏற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே பனியை இறக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.

வாழ்க்கை என்பதே ஒரு பச்சை மேசைதான். அதன்மேல் உருளும் பந்துகளாகிய நாம்—

இது அதைவிட மோசம். நடந்ததையே எழுதுகிறேன்.

அங்கப்பன் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொட்டச்சேடு திரும்பியபோது அவனுடைய கட்டில் தெருவில் நின்றது. அதன்மேல் பக்கத்து வீட்டு லூர்துசெல்வியின் கோழி உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பீரோ. வீட்டுக்குள்ளிருந்து "தூக்கு, தூக்கு, கால மிதிக்காத" என்று பலர் கத்தினார்கள். எட்டிப் பார்த்தான். ஆறு ஆட்கள் சேர்ந்து, சிமெண்டுப் பாளம் போல ஒன்றை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீராயி நின்றாள்.

"என்ன புள்ள இது?"

"பூல் டேபிளுங்க."

"அது தெரியுது. இங்கெதுக்கு வந்துது?"

"லாட்ஜுல வேண்டாம்னுட்டாங்க."

"அவுங்க வேண்டாங்கறதெல்லாம் நம்ம ஊட்டுக்கு வரோணுமா? நாளைக்கு மேனேஜர வேண்டாம்பாங்க. அவனையும் கூட்டியாந்துருவியா?"

வீராயி ஏரிப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தாள். லாட்ஜை வாங்கிய புதியவர், விளையாட்டு அறையைச் சாப்பாட்டு அறையாக்கப் போவதாகவும், கோலால் பந்தைக் குழிக்குள் தள்ளி ஆடுகிற இந்த மேசையை யாராவது எடுத்துக்கொண்டு போகாவிட்டால் உடைத்து அடுப்புக்குப் போட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார். சமையல்காரர் சிரித்தார். வாட்ச்மேன் சிரித்தார். வீராயி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நானு எடுத்துக்கறனுங்க" என்றாள்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். வீராயி என் கைக்கு அடங்கவில்லை.

நாற்பத்தைந்து வயதுப் பெண். மகளை அடிவாரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். இவள் எதற்காகக் கட்டிலைத் தெருவில் போட்டுவிட்டுப் பூல் மேசையை உள்ளே வைக்கவேண்டும்? வாசகர் நிச்சயம் கேட்பார். நானும் காரணங்கள் தேடினேன். மகள் போனபின் வந்த வெறுமை. (அடித்தேன். மகள் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள். வாரம் தவறாமல் வருகிறாள்.) வெளியூர்ப் பணக்காரர்கள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து மனதில் வளர்ந்த கோபம். (அதையும் அடித்தேன். அவர்கள்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பந்துகளை ஒழுங்காக எடுத்துவைக்காமல் போகிறார்கள் என்பதைத் தவிர.)

ஊரிலும் காரணம் தேடினார்கள். மிளகு காயப்போடத்தான் என்றார்கள் சிலர். துணி தேய்க்க என்றார்கள் வேறு சிலர். துணிக்கு இஸ்திரி போட, அடியில் கல் பதித்த மேசை எதற்கு என்று அவர்களுக்குள்ளேயே தகராறு வந்தது.

கடைசியில் அங்கப்பனே கேட்டான்.

"எதுக்குத்தான் புள்ள இது?"

"வெளையாடறதுக்குங்க."

"உனக்கு வெளையாடத் தெரியுமா?"

"மத்தியானத்துல லாட்ஜுல ஆரும் இருக்கமாட்டாங்க. கூட்டி முடிச்சுப்போட்டு ஒரு ஆட்டம் ஆடுவனுங்க. நாலு வருசமா."

நாலு வருஷமா! அங்கப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். சாயங்காலம் பஸ் ஏன் லேட் என்று கேட்டபோதெல்லாம் "வேலை நொம்பங்க" என்றிருக்கிறாள். இந்த உலகத்தில் தன் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது அவனைக் கேட்டிருந்தால் கொள்ளுத் துவையல் என்று சொல்லியிருப்பான். அதைத் தாண்டி ஒன்று இருக்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றியதில்லை.

4

கொட்டச்சேட்டில் அவர்களுடையது இரட்டைத் தொகுப்பு வீடு. ஒரே சுவர், இந்தப் பக்கம் அங்கப்பன், அந்தப் பக்கம் லூர்துசெல்வியின் சமையலறை. முன்னறை பதினோரடிக்குப் பத்தடி. மேசை ஏழடிக்கு மேல். அதைச் சுற்றி நடக்க ஒருவர் வயிற்றை எக்கவேண்டும். பந்தை அடிக்கிற கோல் ஏறக்குறைய ஐந்தடி. பின்னால் இழுத்தால்தானே முன்னால் அடிக்க முடியும்? இழுத்தால் சுவர்.

டிவியைப் பரணில் ஏற்றினார்கள். பீரோ சமையலறைக்குள் போய், அரிசி மூட்டை பீரோவுக்குள் போனது. கட்டிலை லூர்துசெல்வி கடனாக வாங்கிக்கொண்டாள். அதாவது கோழி வாங்கிக்கொண்டது. புருஷனும் மனைவியும் மேசைக்கு அடியில் பாய் விரித்தார்கள். ஒவ்வொரு நாள் விடியும்போதும் அங்கப்பன் எழுந்து உட்காருவதற்கு முன்பாக மேசை இருப்பதை அவன் நெற்றி கண்டுபிடித்தது.

தெருப் பக்கம் ஒரு சன்னல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்போது வீராயி கோலின் பின்பாதியைச் சன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே விட்டுக்கொள்வாள். தண்ணீர்க் குடத்தோடு போன பொன்னாயிக்கு இடுப்பில் ஒரு குத்து விழுந்தது. அதன்பிறகு அந்தச் சன்னலைக் கடக்கும்போது ஊரே "ஏனுங்க, வரலாங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனது.

லூர்துசெல்வி பக்கத்துச் சுவரில் சன்னல் கிடையாது. வெள்ளைப் பந்து அந்த ஓரத்தில் போய் நின்றுவிட்டால் வீராயி கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். பிறகு கோலை வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விடுவாள்.

"குச்சிய அறுத்துக் குட்டையாக்கித் தரட்டா?" என்றான் அங்கப்பன் ஒருநாள், உதவுகிற நினைப்பில்.

"அறுங்க. அப்பறம் சோறு நீங்களே ஆக்கிக்கங்க."

5

ஏரிக்கரையில் சிக்கந்தர் பலூன் சுடும் கடை வைத்திருந்தார். மேசையைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஜீப் ஸ்டாண்டில் அங்கப்பனைப் பிடித்தார். சீசன் வருகிறது, டூரிஸ்டுகள் வருவார்கள், வீட்டில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதைத் தனக்குக் கொடுத்தால் என்ன என்றார். அன்று காலை அங்கப்பனின் நெற்றி மேசையில் மோதிய இடம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"புதங்கெழம வண்டி கொண்டாந்து எடுத்துக்கங்க பாய்," என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் சொன்னபோது வீராயி அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க ஜீப்ப எடுத்துக்கச் சொல்லி நானு ஆருகிட்டயாச்சும் சொன்னனா?"

"ஜீப்பு சோறு போடுது புள்ள. இது என்ன போடுது?"

(இந்த இடத்தில் வீராயிக்கு முக்கால் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். நல்ல வசனம். பெண், உழைப்பு, ஓய்வு எல்லாம் வரும். அவள் அதைச் சொல்லவில்லை. சோறு போட்டாள்.)

அதற்குப்பின் வீட்டில் மரியாதை கூடிப்போயிற்று. "சாப்புடுங்க." "தண்ணி வெச்சிருக்குதுங்க." "போயிட்டு வாங்க." இந்த மலையில் ஒரு பெண்ணின் பேச்சில் 'ங்க' மட்டும் மிஞ்சினால் புருஷன் பயப்பட வேண்டும் என்று அங்கப்பனுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை சவாரி இல்லை. வீட்டில் தனியாக இருந்தான். முந்தின நாள் ஆட்டத்தைப் பாதியில் விட்டிருந்தாள். வெள்ளைப் பந்து லூர்துசெல்வி பக்கத்து ஓரத்தில் நின்றது. நேர் எதிரே, மூலைக் குழியின் வாயில், ஒரு மஞ்சள் பந்து. ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். சும்மா ஒரு தட்டு. கோலை எடுத்தான். முழங்கை சுவரில் இடித்தது. பக்கவாட்டில் நின்றான், கோணியது. நாற்காலியில் ஏறினான், பரண் இடித்தது. மேசைமேலேயே ஏறிக் குப்புறப் படுத்துப் பார்த்தான். அந்த நிலையில் பொன்னாயி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. சாயங்காலம் வீராயி வருவதற்குள் கோலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போல் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலைக்குப் போனதும், உளியும் சுத்தியலும் வாங்கிவந்து சுவரில் ஓட்டை போட்டான்.

"அங்கப்பண்ணா," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து லூர்துசெல்வியின் குரல். "என்ற பால் சட்டிக்குப் பக்கத்துல ஒரு குச்சி வருது, போகுது. என்னங்ணா இது?"

"ஒண்ணுமில்ல செல்வி. வெளையாட்டு."

"செவுத்த ஒடச்சுப்போட்டு வெளையாட்டுங்கறீங்க?"

"ரெண்டு நாள்ல பூசிக் குடுத்தர்றன்."

டொக். பந்து குழிக்குள் விழுந்து, மேசையின் வயிற்றுக்குள் எங்கேயோ உருண்டு போயிற்று. (அந்தச் சத்தத்தை அங்கப்பன் ஜீப்பில் மூன்று முறை வாயாலேயே செய்து காட்டினார். எழுத்தில் வரவில்லை.)

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உளுந்துதாண்ணா?"

"உளுந்துது."

"அப்பிடின்னா பூச வேண்டாம். என்னையும் ஒருக்கா கூப்புடுங்க."

வீராயி வந்து ஓட்டையைப் பார்த்தாள். குனிந்து அதன் வழியாகப் பார்த்தாள். லூர்துசெல்வியின் கண் தெரிந்தது. நிமிர்ந்தாள். "ஒசரம் சரியாத்தான் போட்டுருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான். அங்கப்பனுக்கு எதையோ சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் சிக்கந்தருக்கு வாக்குக் கொடுத்தவன் அவன். அதை எப்படித் திரும்ப வாங்குவது? எனக்கும் இந்த மேசை வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

6

புதன்கிழமை சிக்கந்தர் வேனும் கயிறும் நாலு ஆட்களுமாக வந்தார். வீராயி அன்று லாட்ஜுக்குப் போகவில்லை. பந்துகளை முக்கோணமாக அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"வாங்க பாய். தூக்கறதுக்கு மின்னாடி ஒரே ஒரு ஆட்டம். அவரும் நானும். கறுப்புக் குண்டக் கடைசியாப் போடறவங்க ஜெயிச்சாங்க. அவரு ஜெயிச்சா எடுத்துட்டுப் போங்க. நா ஜெயிச்சா டேபிளு இங்கயே கெடக்கட்டும்."

சிக்கந்தர் அங்கப்பனைப் பார்த்தார். அங்கப்பன் பரணிலிருந்த டிவியைப் பார்த்தான்.

"தங்கச்சி சொல்லிட்டீங்க. நான் என்னத்தச் சொல்றது?" என்றார் சிக்கந்தர்.

(இங்கே வீராயி அபாரமாக ஆடி, எல்லோரும் வாயைப் பிளந்து நிற்பதாக ஒரு காட்சி எழுதினேன். படிக்க ஜோராக இருந்தது. ஆனால் அது நடக்கவில்லை. நாலு வருஷமாக ஆடியும் வீராயி சுமாராகத்தான் ஆடுவாள். பத்து அடிக்கு மூன்று விழும். அவளுக்கு அது தெரியும். அதனால் அந்த விளையாட்டின்மேல் இருந்த ஆசை ஒரு துளியும் குறையவில்லை. எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது இதுதான். அதனால்தான் காட்சியை அடித்தேன்.)

அங்கப்பன் தோற்பதற்காக ஆடினான். வெள்ளைப் பந்தையே குழிக்குள் அனுப்பினான். நேராக நின்ற பந்தை விட்டுவிட்டு மூலைச் சுவரைக் குறிபார்த்தான். தோற்பதும் சுலபமாக இல்லை. ஒரு தடவை தப்பாக அடித்த பந்து இரண்டு பக்கமும் மோதிவந்து குழியில் விழுந்தது. சிக்கந்தரின் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீராயி கோலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு உட்டுக் குடுக்கறீங்களா?"

"இல்ல புள்ள, கை வழுக்கிப்போச்சு—"

"உட்டுக் குடுத்துத்தான் இது எனக்கு நிக்கோணும்னா, வேண்டாங்க. பாய் இப்பவே தூக்கிட்டுப் போகட்டும்." குரல் உயரவில்லை. "ஒழுங்கா ஆடுங்க. இல்லாட்டி ஆடாதீங்க."

அங்கப்பனுக்குக் காது இரண்டும் சுட்டன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் எத்தனையோ தடவை அவளைக் கேட்காமல் முடிவெடுத்திருக்கிறான். இப்போது நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் அதையேதான் செய்திருக்கிறான். கோலைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். ஒழுங்காக ஆடினான்.

இரண்டு பேரும் ஆடினார்கள். சன்னலுக்கு வெளியே பொன்னாயி குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். சிக்கந்தர் தன்னை மறந்து வீராயி பக்கம் சேர்ந்து, "இப்பிடித் திருப்புங்க தங்கச்சி" என்று சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. வீராயி அடித்தாள். அது உருண்டு உருண்டு, குழியின் விளிம்புவரை போய், நின்றுவிட்டது.

வெள்ளைப் பந்து அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர்கோட்டில் நின்றது. அங்கப்பனின் முறை.

"ஊதுனாலே உளுந்துருமே," என்றது சுவர் ஓட்டை.

தவறவே முடியாத அடி. தவறினால், வேண்டுமென்றே தவறினான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் அவளுக்குத் தெரியும். அடித்தால் வேன் வாசலில் நிற்கிறது. அங்கப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான்.

7

முடிவுகளைக் கையில் வைத்திருக்கிறேன். அவன் தவறவிடுகிறான், அவள் சிரிக்கிறாள்: பத்திரிகைக்காரர்கள் கேட்கிற முடிவு. பந்து விழுகிறது, மேசை போகிறது, காலி அறையில் இருவரும் முதல்முறையாக மனம்விட்டு—: இதை எழுத ஆரம்பித்துப் பேனாவை மூடிவிட்டேன். அவன் அடிக்கிற நேரத்தில் சிக்கந்தர் தும்முகிறார்: வழி தெரியாத கதாசிரியர்களுக்கெல்லாம் தும்மல்தான் துணை.

"அப்பறம் என்னங்க ஆச்சு?" என்று அங்கப்பனைக் கேட்டேன்.

"எறங்குங்க சார், கோயில் வந்துருச்சு," என்றார்.

திரும்பும்போது கொட்டச்சேட்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். வீராயி குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று சொல்லிக்கொண்டு கேட்டேன்.

"அன்னிக்கு அந்தக் கடைசிப் பந்து..."

"அடிச்சாருங்க."

"அடிச்சாரு. சரிங்க. ஆனா..."

"ஒழுங்கா அடிச்சாருங்க," என்றார், அந்த வார்த்தையை அழுத்தி. பிறகு ஜீப்பைப் பார்த்தார். அங்கப்பன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீராயியின் முகத்தில் இருந்ததை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"ஊட்டுக்குள்ள வாங்க சார். ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்."

நான் போகவில்லை. போனால் கதை முடிந்துபோகும். நீங்கள் போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, காப்பி நன்றாக இருக்குமாம். உட்கார நாற்காலி மட்டும் கேட்காதீர்கள். ஒன்று, போட இடம் இருக்காது. அல்லது, இடம் ஏராளமாக இருக்கும். அதில் என்ன போடுவது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்திருக்கமாட்டார்கள்.