அப்பாவை எந்தக் கரையில் இறக்குவது

காலை எட்டரை மணிக்கு ஷுக்ரான் சபிஹா கொக்சென் விமான நிலையத்தின் சரக்குக் கட்டடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் கறுப்புத் துணி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் அடக்கத்துக்கு வாங்கிய கபர் நிலத்தின் பத்திரம். முதுகுக்குப் பின்னால் நகராட்சியின் பச்சை நிற சவ வண்டி. ஜெர்மனியில் செத்துப்போன அவளுடைய அப்பா ரெஃபிக், ட்யூஸல்டார்ஃப் விமானத்தில் பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தார். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் திரையை மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தார்.

"ட்யூஸல்டார்ஃப் விமானம் வந்தாச்சும்மா. துணி பேல் இருக்கு, மெஷின் உதிரி இருக்கு. ஜனாஸா எதுவும் இல்லையே."

"நல்லாப் பாருங்க. கூட என் தம்பி வர்றான். தய்ஃபுன்னு பேரு."

"அப்ப அந்தக் கரை விமான நிலையத்துல இறங்கியிருப்பாங்க. போன் போட்டுப் பாருங்க. உங்க தலையாவது நல்லா இருக்கட்டும்," என்று துக்கம் விசாரித்தார்.

தய்ஃபுன் உடனே எடுத்தான். "அக்கா, நாங்க இறங்கியாச்சு. அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாரு. நீ இன்னும் கிளம்பலையா?"

"எங்கடா இறங்கினீங்க?"

"இஸ்தான்புல்லதான்."

இஸ்தான்புல்! முந்தாநாளும் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னான். அவளும் சரி என்றாள். கடலுக்கு இந்தப் பக்கம் ஆசியக் கரையில், பெண்டிக்கில் பிறந்து, பெண்டிக்கிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்கு விமானம் என்றால் சபிஹாவில்தான் இறங்கும். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கம் இருப்பது மட்டும்தான் விமான நிலையம். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டியது அவள் மட்டும்தானா?

நடந்தது இதுதான். டார்ட்முண்டில் இறுதிச்சடங்கு நிதிக்காரர்கள் படிவத்தை நீட்டி, பெட்டியை எந்த விமான நிலையத்துக்கு அனுப்புவது என்று கேட்டார்கள். தய்ஃபுன் மூத்தவன் நெஜாட்டிக்குப் போன் போட்டான். நெஜாட்டி எங்கே இருக்கிறான்? ஐரோப்பியக் கரையில், பாஷாக்ஷெஹிரில், புது விமான நிலையத்திலிருந்து அரை மணி தூரத்தில். எது என்று சொல்லியிருப்பான்? இரண்டு ஆண்களும் இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார்கள். நடுவில் ஒருத்தி பிறந்திருக்கிறாள், பதினொரு வருஷமாக அம்மாவின் கபருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.

போன் கை மாறியது. "ஷுக்ரான், நல்லா கேட்டுக்கோ," என்றான் நெஜாட்டி, தன் கடையில் திரைச்சீலை வாங்க வந்தவர்களிடம் பேசும் அதே நிதானத்தோடு. "ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் எங்க பெரிய பள்ளிவாசல்ல ஜனாஸாத் தொழுகை. முந்நூறு பேராவது வருவாங்க. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு நேரா வந்துடு."

"அடக்கம்?"

நெஜாட்டி வேறு யாருக்கோ சலாம் சொல்வது கேட்டது.

"அடக்கம் எங்கேன்னு கேட்டேன்."

"இங்கதான். இடம் ஏற்பாடு பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாலத்தைத் தாண்ட முடியுமா? நீயே சொல்லு. பொழுது சாய்ஞ்சா மண்ணு போட விடமாட்டாங்க. அப்பாவை ராத்திரி பூரா நடு ரோட்டுல வச்சுக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அப்பாவோட இடம் அம்மா பக்கத்துல இருக்கு. அவரே வாங்கி வச்ச இடம். நேத்தே தோண்டச் சொல்லிட்டேன்."

"எல்லா மண்ணும் அல்லாவோட மண்ணுதான், சின்னப்பிள்ளை மாதிரிப் பேசாதே," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஷுக்ரானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாலம்! அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனால் வாரத்துக்கு ஒரு நாள்கூட வர முடியவில்லை, பாலத்தில் நெரிசல். ஷுக்ரானின் மகளுக்கு மருதாணி வைத்த அன்றைக்கு வரவில்லை, பாலத்தில் விபத்து. பெருநாளுக்கு முந்தின நாள் ஊரே கபர்களுக்குப் போகும், அவன் மட்டும் போன் போட்டு, "நீ எனக்கும் சேர்த்து ஓதிடு, பாலம் நகரவே இல்லையாம்" என்பான். பாலத்தைக் கட்டினவர்களுக்கே தெரிந்திருக்காது, ஒரு மனிதனின் இத்தனை சாக்குகளை அது தாங்கும் என்று.

சவ வண்டி ஓட்டுநர் இத்ரிஸ் பீப்பாய் மாதிரி உடம்பு உள்ளவர். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "என்ன அக்கா, எங்க போயிட்டார் உங்கப்பா?"

"பாஷாக்ஷெஹிருக்கு."

"உயிரோட இருக்கறவனே வழி தவறிப் போற ஊரு இது. ஏறு வண்டியில."

"உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"பெட்டியை எடுத்துட்டு வான்னுதான் சொன்னாங்க. எங்கேர்ந்துன்னு யாரும் சொல்லலையே."

ஷுக்ரான் வீட்டுக்குப் போன் செய்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாவு வீட்டு வழக்கப்படி ரவை அல்வாவுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். "கிண்டிக்கிட்டே இருங்க, நான் அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள். எந்த தைரியத்தில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பாலத்தில் நெரிசல் இருக்கத்தான் செய்தது. அது பொய்யில்லை. ஆனால் சவ வண்டியைப் பார்த்ததும் முன்னால் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள், சிலர் நெஞ்சில் கை வைத்தார்கள். "உள்ளே யாரும் இல்லேன்னு தெரிஞ்சா நம்மளைத் தள்ளி விட்டுடுவாங்க," என்றார் இத்ரிஸ். ஷுக்ரானுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கடலைப் பார்க்கவும் இல்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நின்றது.

பள்ளிவாசலை அடைந்தபோது தொழுகை முடிந்து ஆட்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கல்மேடையில் பச்சைத் துணி போர்த்திய பெட்டி. அதைச் சுற்றி ஆளுயர மலர் வளையங்கள், ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் கடைப்பெயர் கொட்டை எழுத்தில். திரைச்சீலை வியாபாரிகள் சங்கம் அனுப்பிய வளையம் அப்பாவின் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது. கறுப்புக் கோட்டு போட்ட நெஜாட்டி வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தான்.

தங்கையைப் பார்த்ததும் அவளையும் தழுவ வந்தான். அவள் ஒதுங்கினாள்.

"வண்டி கொண்டாந்திருக்கேன். ஜனாஸாத் தொழுகை முடிஞ்சதும் அப்பாவை ஏத்தணும்."

"முடிஞ்சு போன விஷயம், ஷுக்ரான். பொம்பளைங்க பக்கம் போய் நில்லு. ஆளுங்க பாக்கறாங்க."

தய்ஃபுன் தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் வரவில்லை.

பெண்கள் முற்றத்தின் ஓரத்தில் நின்றார்கள். யாரோ ஒரு பெண் குண்டூசியோடு வந்து, எல்லோருக்கும் குத்துவதுபோல அவள் மார்பிலும் அப்பாவின் சின்னப் படம் ஒன்றைக் குத்தினாள். ஷுக்ரான் குனிந்து பார்த்தாள். தன் மகளின் நிச்சயத்தன்று எடுத்த படம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன. அம்மாவின் விரல்கள். படம் சின்னதாக இருக்க வேண்டும் என்று அம்மாவை வெட்டிவிட்டார்கள்.

அவள் அந்த நான்கு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமாம் பெட்டியின் முன்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை, குரல்தான் கேட்டது.

"மர்ஹூம் ரெஃபிக்கை எப்படி அறிவீர்கள்?"

"நல்லவராக அறிவோம்!" என்றது கூட்டம்.

"இவர்மேல் உங்களுக்கு உள்ள பாத்தியதையை விட்டுக்கொடுத்து ஹலால் ஆக்கிவிட்டீர்களா?"

"ஹலால் ஆகட்டும்!"

அவர்களுக்கு என்ன? சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். முந்நூறு பேரில் முக்கால்வாசிப் பேர் அப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. அவரோடு ஒரு கிளாஸ் டீ குடிக்காதவர்களுக்கு அவர்மேல் என்ன பாத்தியதை, எதை விட்டுக்கொடுக்கிறார்கள்? இமாம் இரண்டாம் தடவை கேட்டார். முற்றம் மறுபடி முழங்கியது. மூன்றாம் தடவை கேட்டார்.

"நான் ஆக்கலை!"

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் அது. முற்றத்தின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பெற்ற அப்பாவை, பெட்டிக்குள் கிடப்பவரை, ஊரார் முன்னால் கடன்காரர்போல நிறுத்திவிட்டாள். ஆனாலும் பின்வாங்கவில்லை.

"யாரது?" என்றார் இமாம்.

"மக," என்று சொல்லிவிட்டு ஷுக்ரான் ஆண்களின் வரிசைக்குள் நடந்தாள். அவர்கள் விலகினார்கள்.

"கோபத்துல சொல்ற வார்த்தை இல்லம்மா இது. உங்கப்பா உனக்கு என்ன குறை வச்சார்?"

"அவர் ஒரு குறையும் வைக்கலை, ஹொஜா. பெண்டாட்டி பக்கத்துல படுக்கணும்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுப் போனார். இது அந்த இடத்தோட பத்திரம். பெண்டிக்கில அம்மா பதினொரு வருஷமா தனியா கிடக்கா. பக்கத்துல குழி தோண்டி வச்சிருக்கு. இவங்க அப்பாவை இந்தக் கரையில கொண்டாந்து இறக்கி, இங்கேயே புதைக்கப் பாக்கறாங்க. இங்க புதைச்சா நான் ஹலால் ஆக்கமாட்டேன். நாளைக்கு மறுமையில என் ரெண்டு கையும் எங்க அண்ணன் காலரைப் பிடிக்கும்."

நெஜாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காதருகே வந்தான். "குடும்ப மானத்தை வாங்காதே."

"மானமா? அது எந்த ஏர்போர்ட்டுல இறங்குச்சு?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நெஜாட்டியின் கழுத்து சிவந்துபோனது. இப்போது அவன் இமாமைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான். "ஹொஜா, நான் வேணாம்னா சொல்றேன்? இந்த நேரத்துல எந்த வண்டிக்காரன் பாலத்தைத் தாண்டி வருவான்?"

"நான் அங்கேர்ந்துதான் வந்தேன், அண்ணே," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் இத்ரிஸ். அவர் கையில் பாதி தின்ற சிமித் ரொட்டி. "இப்பக் கிளம்பினா வெளிச்சத்துல போய்ச் சேர்ந்துடலாம்."

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு வெள்ளை மீசைக்காரர், கம்பள வியாபாரி, வாயைத் திறந்தார். "நெஜாட்டி, எதுக்குப்பா பிடிவாதம்? அப்பாவை அம்மாகிட்டக் கொண்டு போ." இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். தங்கைக்காக அவன் இறங்கி வரவில்லை, அப்பாவுக்காகவும் இல்லை. நாளைக்குக் கடைக்கு வரப்போகிற ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் தலையாட்டினான்.

இமாம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஹலால்," என்றாள் ஷுக்ரான். "ஹலால், அப்பா. ஆயிரம் தடவை ஹலால்."

முந்நூறு பேரில் பாலம் தாண்டி வந்தவர்கள் பதினாறு பேர். மலர் வளையங்கள் பள்ளிவாசலிலேயே நின்றுவிட்டன. பெட்டியோடு வந்த ஷுக்ரானின் பக்கத்தில் தய்ஃபுன் உட்கார்ந்திருந்தான். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது.

"எங்கிட்ட ஏண்டா கேக்கலை?"

"அண்ணன் பெரியவர் இல்லையா... நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நினைச்சேன்."

"நான் என்ன சொல்வேன்னு நீயே நினைச்சுக்கிட்டியா? வாய் எனக்கு எதுக்கு இருக்கு, அல்வா ருசி பாக்கவா?"

அவன் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டாள். இன்றைக்கு நடந்ததை ஊர் எப்படிப் பேசும் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் எந்த விமான நிலையத்தைச் சொன்னான் என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும். செத்த அப்பாவுக்கு ஹலால் இல்லை என்று கத்திய மகளை யாரும் மறக்கமாட்டார்கள். அதை நினைக்க நினைக்க இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பாவத்தை அவள் வாயால் சொல்லியிருக்க வேண்டாமே!

பெண்டிக் மேட்டுக் கபரிஸ்தானின் வாசலில் வண்டி நின்றபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். மூத்த மகன் என்பதால் முன்கட்டை நெஜாட்டியின் தோளில் இருந்தது. வேகமாக நடந்தான், எல்லாம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதுபோல. ஐம்பது அடி போனதும் பாதை மூன்றாகப் பிரிந்தது. அவன் நின்றான். பின்னால் வந்தவர்களும் பெட்டியோடு நின்றார்கள்.

"நெஜாட்டி, எந்தப் பக்கம்?" என்று கேட்டார் கம்பள வியாபாரி. "உங்கம்மா எந்தப் பக்கம்?"

நெஜாட்டி இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். மூன்று பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கற்கள். தய்ஃபுனைத் திரும்பிப் பார்த்தான், அவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் அண்ணனின் கண்கள் பெண்களோடு பின்னால் நின்ற தங்கையிடம் வந்தன.

அவள் உடனே சொல்லவில்லை. நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும், தோள் வலிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவனுடைய நெற்றியில் வேர்வை இறங்கியது. அப்புறம்தான், அவன் தோளை அழுத்துவது அப்பாவின் கனம் என்பது அவளுக்கு உறைத்தது.

பெட்டிக்கு முன்னால் பெண்கள் நடக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஷுக்ரான் ஆண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இந்தப் பக்கம்," என்றாள். "என் பின்னால வாங்க."