வாளிச் சோதனை

அன்று காலை நாண் நான் இழுத்த இழுப்புக்கு வந்தது. மார்வா வீட்டுக் கொல்லையில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் மாதம்தான் என்றாலும் எங்கள் மொன்டானாப் பள்ளத்தாக்கில் வெயில் மலையைத் தாண்டி வருவதற்குள் விரல் விறைத்துவிடும். எதிரே வைக்கோல் கட்டு, அதில் மாட்டிய அட்டையில் சாக்பீஸால் போட்ட வட்டம். என் தங்கை மார்வா கையில் தண்ணீர்த் தம்ளரோடு பக்கத்தில் நின்றாள். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல், நேராக நீட்டி, மெல்ல இழுத்து, அவள் அந்தத் தம்ளரைக் குடித்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். இழுத்தேன். பிடித்தேன். அவள் நிதானமாகக் குடித்தாள். போன வருடம் கடகடவென்று கவிழ்த்துக்கொண்டாள், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. இந்த முறை அந்த அவசரம் இல்லை. தம்ளர் காலியானதும் அம்பை விட்டேன்.

அது வட்டத்துக்கு நாலு விரல் கீழே தைத்தது.

"தேறிட்ட கிழவா," என்றாள் மார்வா. "காபி போடறேன் வா." வைக்கோல் கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். முப்பது வருடமாக என் ஒவ்வொரு அம்பையும் போய்ப் பார்த்து, இடம் சொல்லி, ஏதாவது நக்கல் அடித்துவிட்டு வருகிறவள் அவள்.

இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது எங்களோடு வேட்டைக்கு வந்த ஆர்வில். ஒரு வருடம் நிமோனியாவில் படுத்து எழுந்தவன், உடம்பு தேறுவதற்கு முன்பே மலை ஏறினான். அரை இழுப்பில் அவன் விட்ட அம்பு எல்க் கொம்பனின் தோள் எலும்பில் முட்டி நின்றுவிட்டது. எல்க் என்பது முயல் அல்ல, குதிரை அளவுக்கு இருக்கும் மான். அது அம்போடு ஓடியது. நாங்கள் ரத்தத் துளியைத் தேடிக் காடெல்லாம் சுற்றினோம். கடைசியில் காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. அதற்குள் இறைச்சி கெட்டுப்போயிருந்தது. ஆர்வில் அந்தக் குளிர்காலம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு விதியைச் சொன்னான். உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளக் கூடாது, ஒரே அம்பு, உட்கார்ந்தபடி. நாணை முழுதாக இழுக்க ஐம்பது பவுண்டு பலமாவது கேட்கும் வில் இல்லாமல் எல்க்குக்குப் போகக் கூடாது. முடியாதவர் அந்த வருடம் மலைக்கு வரக் கூடாது. கடையில் விற்கிறவன் அதற்கும் குறைவான வில்லே போதும் என்பான். அவன் அந்தக் காக்கைகளைப் பார்த்ததில்லை.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. மர அறுவை ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் விடிந்ததும் முதுகுப்பையில் குதிரைத் தீவன மூட்டையைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி இறங்குவேன். பனி கொட்டினாலும் விடுவதில்லை. ஓட்டலில் உட்கார்ந்து அப்பம் தின்கிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குதிரை எங்கே, மூட்டை மட்டும் தனியாகப் போகிறதே என்று கேட்பார்கள். பதில் சொன்னால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன். கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பேன். இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைப் பாதியாக்கிவிட்டேன். கால் சொன்னபடி கேட்டது, மூச்சும் கேட்டது. வலது தோள் மட்டும் கேட்கவில்லை. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்றாள் உடற்பயிற்சி மருத்துவம் பார்க்கும் பெண். ஓய்வு கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டேன். இந்த வயதில் சரியாகாது, மோசமாகாமல் இருக்கும் என்றாள். அது எனக்கு ஓய்வாகத் தெரியவில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பட்டையை இழுத்து, தோள் சூடானபிறகு வில்லை இழுத்தால் வரும். சில்லென்றிருக்கும் தோளுக்கு வராது. கொம்பன் வரும்போது வெந்நீர் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாளிமேல் உட்கார்ந்தபோதே இது கடைசி வருடமாகக்கூட இருக்காது, போன வருடமே கடைசியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நாண் வந்துவிட்டது.

காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வில்லை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். புது நாண் போட்டுத் தருகிறேன் என்று முதல் நாள் மார்வாதான் வாங்கிப் போயிருந்தாள். மேலும் கீழும் வில்லின் கைகளை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் நான் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருப்பேன், போல்ட் இளகி வில்லின் பலம் குறைந்தால் தெரிவதற்காக. புள்ளி இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது. பிறகு உறைத்தது. முழுச் சுற்றாகத் திருப்பினால் புள்ளி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். ஐம்பதுக்கு நன்றாகவே கீழே இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நின்று கத்தியிருப்பேன். சாவிகூடக் கையில்தான் இருந்தது. ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? நீ செய்தது தெரிந்துவிட்டது என்று சொன்னால், நான் தேறவில்லை என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அந்தச் சவலை வில்லோடு ஓர் உயிருக்கு எதிரே போய் நிற்க வேண்டும். இரண்டும் என்னால் முடியாது. திருகுச் சாவியை எடுத்து இரண்டு போல்ட்டையும் பழையபடி முறுக்கினேன். புள்ளி சுற்றிவந்து அதே இடத்தில் நின்றது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இந்தத் தோளை வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுபத்தொரு வயதில் ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பொய்யைக் கண்டுபிடிக்க வேறு ஆள் தேவையில்லை.

அந்த மாதம் தினமும் மேட்டில் இரண்டு முறை ஏறினேன். பட்டையை இழுத்து இழுத்து அதன் நிறமே போய்விட்டது. சில நாள் காலையில் வில் வந்தது, சில நாள் பாதியில் நின்றது. வந்த நாட்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில், எல்க் இணைதேடிக் கத்தும் பருவத்தில், நாங்கள் மேலே போனோம். நான் மார்வாவை விட வேகமாக ஏறினேன். அவள் இரண்டு இடத்தில் பாறையில் உட்கார்ந்து, ஓட்டப்பந்தயத்துக்கா வந்திருக்கிறோம் என்று திட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். ஊசியிலை மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டு, வறுத்த பன்றி இறைச்சியும் பீன்ஸும் தின்றுவிட்டுப் படுத்தோம்.

மறுநாள் காலை வழக்கம்போலவே உட்கார்ந்தோம். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் நான் முன்னே, எனக்கு நன்றாகப் பின்னால் மரங்களுக்குள் மார்வா. எல்க் கத்துவதுபோல ஒலிக்கும் குழலை அவள் ஊதினால் நிஜக் கொம்பனே ஏமாறும். சத்தத்தைத் தேடி வருகிற கொம்பன் முன்னால் உட்கார்ந்திருப்பவனைக் கவனிக்காது, அதுதான் கணக்கு. பனி ஈரத்தில் கால்சட்டை நனைந்து ஒட்டியது. வெகுநேரம் அசையாமல் இருந்தோம். தோள் மரத்துப்போனது.

கொம்பன் சரிவிலிருந்து சத்தமில்லாமல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு எப்படி ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் வருகிறது என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் புரியவில்லை. கழுத்து மயிரில் சேறு காய்ந்திருந்தது, மூக்கிலிருந்து ஆவி போனது. எங்கள் வீட்டு வாசலுக்கும் தபால் பெட்டிக்கும் உள்ள தூரத்தில் பக்கவாட்டாக நின்று, மார்வாவின் குழல் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. நான் வில்லை நீட்டி இழுத்தேன். பாதிவரை வந்து நாண் நின்றது. தோளுக்குள் யாரோ துணியைக் கிழிப்பதுபோல இருந்தது. வில்லைச் சற்று வானத்தைப் பார்க்கத் தூக்கினால் மீதியும் வந்துவிடும் என்று உடம்புக்குத் தெரியும். கை தானாகவே மேலே எழும்பப் பார்த்தது. தூக்கினால் அது பார்த்துவிடும். பார்த்து அது அசைகிற நேரத்தில் நான் பதறி விட்டால், அம்பு எங்கே தைக்கும் என்றும் எனக்குத் தெரியும். மெல்ல நாணைத் திரும்ப விட்டேன். கொம்பன் தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தது, பிறகு அவசரமில்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

மார்வா வந்து என் பக்கத்தில் மரத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"ஏண்ணே இழுக்கல?"

"பழையபடி முறுக்கிட்டேன்."

அவள் முகம் சிவந்தது. கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நாலு விரல் கீழ தச்சுது. நீ போய்ப் பாக்கவே இல்ல."

"பாக்க முடியல."

"என் வில்லுல கை வெக்க எப்படிடி மனசு வந்துச்சு?"

"ஆர்வில் வாளில தோத்த அன்னிக்கு நம்மள பாத்துச் சிரிச்சிட்டுத்தான் போனான். போய் வீட்டு நாற்காலில உக்காந்தான். எந்திரிச்சானா? ரெண்டே குளிர்காலம், போய்ச் சேந்துட்டான்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீ அந்த மேட்டுல மூட்டையத் தூக்கிட்டு ஏறறத நான் ஸ்கூல் பஸ் ஓட்டிட்டுப் போறப்ப தெனம் பாக்கறேன். அது நின்னுபோனா உனக்கு வேற என்ன இருக்கு? எனக்குத்தான் யாரு இருக்கா?"

கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அதோடு, இவள் தனியாகிவிடுவாளே என்பதும் இருந்தது. கொம்பன் காயத்தோடு ஓடிப்போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அதை நினைத்துத்தான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்றாள். நான் முறுக்கியதை அன்றே சொல்லியிருந்தால் அவளாவது தூங்கியிருப்பாள்.

கீழே போய்விடலாமா என்று அவள் கேட்டாள். வெயில் வந்து எங்கள் கால்மீது விழுந்தது. தோள்தான் போயிற்று, இவ்வளவு தூரம் ஏறிவந்த காலும் மூச்சும் என்னிடம் அப்படியே இருந்தன. அவற்றை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கழுத்தில் தொங்கிய குழலை எடுத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"நீ முன்னாடி உக்காரு," என்றேன்.

"உனக்கு ஊதத் தெரியாதே. கன்னுக்குட்டிக்கு வயித்துவலி வந்த மாதிரி இருக்கும்."

"மூச்சு இருக்கு. கத்துக்கறேன்."

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷமா உன் முதுகத்தான் பாத்துட்டு இருக்கேன், என்ன ஒரு முதுகு, என்று சொல்லிக்கொண்டே அம்புக்கூட்டைச் சரிசெய்தாள். அவள் வில் ஐம்பதுக்குக் குறையாது. அன்று வாளியில் எனக்கு முன்பே உட்கார்ந்து வட்டத்தின் நடுவில் தைத்தவள். இத்தனை வருடமும் முன்னால் உட்காருகிறாயா என்று அவளை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த இரண்டு நாளும் என் சத்தத்துக்கு ஒரு அணில்கூட வரவில்லை. கூடாரத்தில் அவள் எனக்கு நாக்கை எங்கே வைப்பது, வயிற்றிலிருந்து எப்படிக் காற்றைத் தள்ளுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே சிரித்தாள். மூன்றாம் நாள் காலை, தூரத்துச் சரிவிலிருந்து ஒன்று பதில் கொடுத்தது. மறுபடி ஊதினேன். பதில் நெருங்கி வந்தது. மேட்டில் ஏறிச் சேர்த்த மூச்சையெல்லாம் அந்தக் குழலுக்குள் விட்டேன்.

முன்னால் மரத்தடியில் மார்வாவின் முதுகு தெரிந்தது. சாம்பல்நிறச் சட்டை, தொப்பிக்குக் கீழே நரைத்த சின்னப் பின்னல். அவளுக்கு எதிரே புதர் அசைந்தது. முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு தலை. அது ஒரு மரத்துக்குப் பின்னால் வந்ததும் அவள் முழங்கை மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. வில் வானத்தைப் பார்க்கவில்லை. நாண் முழுதாக வந்து நின்றது. கொம்பன் மரத்தைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டது. அவளும் அப்படியே பிடித்திருந்தாள். குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவள் முதுகைப் பார்த்தபடி, நான் மனதுக்குள் ஒரு தம்ளர் தண்ணீரை மெல்லக் குடித்துக்கொண்டிருந்தேன்.