நான் தட்டாத எழுத்துகள்

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்று ஆபீஸிலிருந்து அந்தப் பெண் போனில் ஆரம்பித்தபோதே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே அறிக்கையாகத் தட்டிக் கொடுப்பது என் வேலை. நான் தட்டியதைச் சரிபார்ப்பது அவள் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு தப்புக்காகக்கூட அவள் என்னைக் கூப்பிட்டதில்லை.

"முழங்கால் ஆபரேஷன் ரிப்போர்ட் அனுப்பினீங்கள்ல? நடுவுல, 'இடது கை மரத்து காரணம்'னு ஒரு வரி நிக்குது. ஆடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன். டாக்டர் கையைப் பத்தி வாயே திறக்கலை."

"வேற எதோடயோ கலந்திருக்கும்மா. எடுத்துடு."

"எடுத்துட்டேன். உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லியே, அக்கா?"

அவள் பிரியமாகத்தான் கேட்டாள். ஆனால் என் அம்மாவிடமும் ஊரே இப்படிப் பிரியமாகத்தான் கேட்க ஆரம்பித்தது. அம்மாவுக்கு முதலில் போனது வார்த்தைகள். வாய் ஓயாமல் பேசுகிறவள், கத்தரிக்கோலை 'அந்த வெட்டுறது' என்றாள். பிறகு வாக்கியங்கள் பாதியில் நின்றன. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாக விசாரித்தாள். அது ஆரம்பித்தபோது அவளுக்கு ஏறக்குறைய என் வயசு.

போனை வைத்துவிட்டு அந்த வாரம் அனுப்பிய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தோல் அரிப்புக்காரர் ஒருவருடையதில், மருந்துப் பெயருக்கும் அளவுக்கும் நடுவே 'வாயு நெஞ்சு வலி வித்தியாசம்' என்று இருந்தது. இன்னொன்றில் வெறும் 'வேர்வை' மட்டும். எல்லாம் அரைகுறை ஆங்கிலம், வினைச்சொல்லே இல்லாத மொட்டை வரிகள். காதில் டாக்டரின் குரலும் கண்ணில் ஒலிப்பதிவின் அலைக்கோடுமாக நான் வேகமாகத் தட்டிக்கொண்டு போகும்போது என் மூளையின் ஏதோ ஒரு மூலை தனியாகப் புலம்பியிருக்கிறது என்று நினைத்தேன். கணவருக்குப் போன் செய்யக் கை போனது. "ராத்திரி சரியாத் தூங்கு, எல்லாம் சரியாயிடும்" என்பார். அம்மாவுக்கும் அப்பா அதைத்தான் சொன்னார். செய்யவில்லை.

ஒரு பயம் வந்துவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்தேன். என் பெயர், கணவர் பெயர், பிரதான எலும்புகளின் பெயர் எல்லாம் தட்டினேன். ஒரு பிழை இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

திரையில் ஓர் எழுத்து விழுந்தது. பிறகு 'நெஞ்சு இறுக்கம்' என்று முழுசாக வந்தது. பிறகு கடைசி எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்து, திரும்ப வந்தன. என் விரல்கள் மடியில்தான் இருந்தன. நான் அவற்றைக் குனிந்து பார்த்தேன். அப்படிப் பார்க்கவேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சில்லிடுகிறது.

கீபோர்டைத் திருப்பிப் பேட்டரியைப் பிடுங்கினேன். எழுத்துகள் நிற்கவில்லை. 'தோள்பட்டை வரை வலி.'

கோளாறு மூளையில் இல்லை என்று ஆன நிம்மதி ஒரு மூச்சுவிடும் நேரம்கூட இருக்கவில்லை. அப்படியானால் யார்? நோயாளிகளின் சங்கதிகள் இருக்கிற கம்ப்யூட்டர். எவனோ உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறானா? கம்பியில்லாத அந்தக் கீபோர்டு, மவுஸ் செட் வந்து அதிக நாளாகவில்லை. போனை எடுத்து, அதை வாங்கிய கடையின் பக்கத்துக்குப் போய், வாங்கியவர்கள் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தேன். 'கலர் சூப்பர், மேஜைக்கே ஒரு களை வந்தது.' ஐந்து நட்சத்திரம். 'சத்தமே வராது, குழந்தை பக்கத்திலேயே தூங்குது.' ஐந்து. 'மவுஸ் கைக்கு அடக்கம், எங்க வீட்டுக்காரர் கைக்கு மட்டும் பத்தலை.' நான்கு. 'இன்னும் பிரிக்கவில்லை, நல்லாத்தான் இருக்கும்.' அதற்கும் ஐந்து. நடுவில் நான் எழுதியதும் இருந்தது: 'கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.' சிரிப்பு வரவேண்டிய இடம்.  நட்சத்திரம் குறைவானவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒரே ஒரு நட்சத்திரத்தோடு ஒருவர் எழுதியிருந்தார்: 'பக்கத்து வீட்டிலும் இதே செட் வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள் தட்டுவது என் திரையில் விழுகிறது. கம்பெனியில் சொன்னால் சிரிக்கிறார்கள். நேற்று அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிந்த பிறகு என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.'

நான் மெதுவாகத் தலையைத் தூக்கி மேல்கூரையைப் பார்த்தேன்.

மாடி வீட்டில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் படியில் நின்று, "இவர் ஒத்தை விரல்ல போனைக் குத்திக்கிட்டு கஷ்டப்படறார், நீங்க வாங்கினது நல்லா இருக்கா?" என்று அவள்தான் கேட்டாள். யோசிக்காமல் வாங்குங்க என்றேன். அவள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். மதியத்தில் மாடியில் அவர் தனியாக இருப்பார்.

அந்த வரிகள் எல்லாம் அப்போது ஒன்றாகச் சேர்ந்தன. இடது கை, வேர்வை, தோள்பட்டை என்று அவர் இணையத்தில் தேடியிருக்கிறார். அந்த வரிசையை நான் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன். அதற்கு அடுத்த பத்தியில் டாக்டர்கள் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும்.

ஓடியிருக்கவேண்டும். ஆனால் ஒருவர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டதை ஒட்டுக்கேட்டுவிட்ட கூச்சம் காலைப் பிடித்தது. அதற்குள் திரையில் அடுத்தது வந்தது. 'தனியாக இருக்கும்போது வந்தால் என்ன'. அதோடு நின்றுவிட்டது. கேள்வி முடியவில்லை.

 பேட்டரியைத் திரும்பப் போட்டு, ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டினேன்: 'மாஸ்டர், நான் கீழ் வீடு. நீங்க தட்டறது இங்க தெரியுது. எழுந்திருக்காதீங்க. மேல வரேன்.'

மேலே நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு என் வரிக்குக் கீழேயே ஒவ்வோர் எழுத்தாக, 'யாரு' என்று விழுந்தது. நான் பதில் தட்டுவதற்குள் இன்னொன்றும் வந்தது: 'அவகிட்ட சொல்லாதீங்க'.

படியேறும்போதே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பெரிய சாலையில் விபத்து, தாமதமாகும் என்றார்கள். மாடிக் கதவு தாழிடப்படாமல் இருந்தது. மாஸ்டர் கம்ப்யூட்டர் மேஜையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த நிலையிலும் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா, வாயுதான். நாலஞ்சு நாளா என் ஸ்கிரீன்லயும் முழங்கால் முழங்கால்னு வந்துட்டிருந்தது. நெஞ்சைக் கேட்டா முழங்காலைச் சொல்லுதேன்னு பார்த்தேன்." சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு வேறு எதுவாகவோ மாறியது.

"எத்தனை நாளா மாஸ்டர் இப்படி?"

"தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கம்மா. கார் ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"பேசாதீங்க. உங்க வீட்டம்மாவுக்கு நான் போன் பண்றேன்."

"வேண்டாம்..." என்று கையைத் தூக்கினார். இடது கை பாதிவரைதான் வந்தது. அதை அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. மதிய வகுப்புக்கு வந்திருந்த அம்மாள், பாங்க்கில் கேஷியர், ஐம்பதைத் தாண்டியவள். கீழே நின்ற பயிற்சிக் காரில் ஏறி, சீட்டைச் சரிசெய்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். மாஸ்டரைத் தாங்கியபடி நான் படியிறங்குவதைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்கதான் ஓட்டணும்" என்றேன்.

"ஐயையோ, நான் இன்னும் மெயின் ரோட்டுக்கே போனதில்லைங்க! அந்த மூலையில திருப்பறதுக்கே இவர் பிரேக் போடுவார்."

மாஸ்டர் அவள் பக்கத்து சீட்டில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணை மூடியபடியே சொன்னார்: "கண்ணாடியைப் பாருங்கம்மா. முதல்ல கண்ணாடி."

கார் உதறிக்கொண்டு கிளம்பியது. நான் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூட எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். எடுத்தபோது அவர் மனைவியின் குரல், "சொல்லுங்க, தண்ணி வரலியா?" என்று சாதாரணமாகக் கேட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னேன்.  அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற ஓசை கேட்டது.

சந்தையைத் தாண்டி, பெரிய சிக்னலில் வண்டி அணைந்துபோனது. விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஒரு பஸ்ஸின் ஹாரன் காதைக் கிழித்தது. கேஷியரம்மா சாவியைத் திருப்புவதும், கார் ஒரு துள்ளு துள்ளி அணைவதுமாக இருந்தது. அவள் அழுதுகொண்டே பக்கத்தில் திரும்பி, "மாஸ்டர், சொல்லுங்க மாஸ்டர், எதை மிதிக்கணும்?" என்றாள்.

நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் அவர் கால் இல்லை. செருப்பு கழன்ற பாதம் மிதியடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கண் மூடியிருந்தது. நெஞ்சிலிருந்த வலது கை மட்டும் மெல்ல இறங்கி, கியரைப் பிடித்திருந்த அவளுடைய கையைத் தேடி, அதன் மேல் படிந்து, முதல் கியரை நோக்கித் தள்ளியது.